கர்துங் லா ஓட்டமும் 70-200 லென்ஸும்: நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பின்

70-200 மி.மீ. எஃப் 2.8 ஜூம் லென்ஸின் விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். என்னுடையது இந்த வாரம்தான் சர்வீஸிலிருந்து திரும்பியது என்பதால், அவருக்கான பதிலை விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த லென்ஸால் நான் படமெடுப்பது, லடாக் மாரத்தானை ஒட்டி நடக்கும் கர்துங் லா சேலஞ்ச் என்ற 72 கிலோமீட்டர் ஓட்டத்தை. அதிகாலை 3 மணிக்குக் கர்துங் கிராமத்தில் தொடங்கி, 5,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கர்துங் லா கணவாயைக் கடந்து லே நகரில் முடிகிறது. இருளில் நெற்றி விளக்குகள் நேராக லென்ஸுக்குள் அடிக்கும்போதும் இதில் விளக்குகளின் போலிப் பிம்பங்கள் தோன்றுவதில்லை. விடியலின் மங்கிய ஒளியிலும் ஓடுபவரின் கண்களை ஆட்டோஃபோகஸ் தவறாமல் பற்றிக்கொள்கிறது. 200-இல் மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுத் தெரியும். அதே மனிதர் அருகில் வந்ததும் 70-க்கு இறங்கினால், நெஞ்சில் குத்திய பிப் எண்ணோடு முழு உருவமும் கிடைத்துவிடும். லாரிகள் கிளப்பும் புழுதியும் இதுவரை உள்ளே போனதில்லை. படத்தின் தரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் லென்ஸ் உருளையின் இடப்பக்கம் இருக்கும் அந்தச் சிறிய ஃபோகஸ் சுவிட்சில்தான். ஆட்டோஃபோகஸுக்கும், கையால் ஃபோகஸ் செய்யும் மேனுவலுக்கும் இடையே அது மிக எளிதாக நகர்கிறது. இடுப்போரம் கேமராவைத் தொங்கவிட்டு மேட்டில் நடந்தால், ஜாக்கெட்டின் ஓரம் உரசுவதே அதைத் தள்ளிவிடப் போதும். கையுறை அணிந்த விரலுக்கு அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. கடற்கரை ஊர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதிக் காற்றழுத்தமே உள்ள கணவாயில், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது மேனுவலுக்கு மாறிவிட்டதை வியூஃபைண்டரின் மூலையில் காட்டும் சிறு எழுத்தையும் கண் கவனிப்பதில்லை. பின்திரையில் படம் கூர்மையாகவே தோன்றும். இரவு லேயில் கணினியில் திறந்தால், பின்னால் படபடக்கும் பிரார்த்தனைக் கொடிகள் துல்லியமாகவும், ஓடிவந்தவரின் முகம் மங்கலாகவும் இருக்கும். அவர் மலையின் உயரத்துக்கு உடலைப் பழக்க நாட்கணக்கில் முன்னரே லே வந்து தங்கியவர். இருளிலேயே புறப்பட்டு 30 கிலோமீட்டருக்கு மேல் ஏறி வந்தவர். கணவாயில் அவர் கால் வைக்கும் அந்த நொடியைத் திரும்ப எடுத்துத் தர என்னால் இயலாது. என் கோபமெல்லாம் அதனால்தான்.

டேப் ஒட்டிப் பாருங்கள் என்பார்கள். உறைகுளிரில் பசை பிடிப்பதில்லை. வெயில் ஏறியதும் அது இளகி வழுக்குகிறது. சர்வீஸில் சுவிட்ச் பகுதியை முழுவதும் மாற்றினார்கள், புதியதும் அதே தளர்வோடுதான் நகர்கிறது. இதன் அமைப்பே இப்படித்தான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வெளியில் கொண்டு செல்வதற்கென்றே விற்கப்படும் ஒரு லென்ஸுக்கு, அழுத்தி நகர்த்தும் ஒரு பூட்டு வைக்க அந்த நிறுவனத்துக்கு ஏன் மனம் வரவில்லை?

எனவே விலை இன்னும் இறங்கினாலும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். அடுத்த செப்டம்பரில் நான் கர்துங்குக்கு எடுத்துப் போகப்போவது இதே லென்ஸைத்தான். அந்த விடியல் வெளிச்சத்தில் இதற்கு ஈடாக வேறொன்று என்னிடம் இல்லை. இருந்தாலும் பிறரை வாங்கச் சொல்ல வாய் வரவில்லை. கட்டாயம் வாங்கியே ஆகவேண்டும் என்றால், கடைக்குத் தடித்த கையுறையோடு போய், அந்தச் சுவிட்சைச் சட்டை ஓரத்தில் உரசிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.