பார்க்கின்சன் குளிசை எடுப்பவர் வீட்டில் இருந்தால் இதை வாசியுங்கள்

திருகோணமலை உவர்மலையில் ஒரு குடும்பம். ஓய்வுபெற்ற ஐயா, வயது 61, லொத்தர் சீட்டைக் கையால் தொடாதவர். பார்க்கின்சன் நடுக்கத்துக்கு ஒரு தனியார் கிளினிக்கில் பிரமிபெக்சோல் என்ற குளிசையை எழுதினார்கள். 0.125 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை என்று தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள். நடுக்கம் நன்றாகவே அடங்கியது. எட்டாம் மாதம் தலையணை உறைக்குள் றப்பர் போட்ட லொத்தர் சீட்டுக் கட்டுகள் அகப்பட்டன. அம்மாவின் தாலிக்கொடி அடகில் இருந்தது.

மருந்தை எழுதியது பிழையில்லை. சூதாட்ட வெறி வரலாம் என்று வீட்டாருக்கு ஒரு வார்த்தை சொல்லாததும், அளவு கூட்டும்போதெல்லாம் காசுச் செலவைப் பற்றிக் கேட்காததும்தான் அநியாயம். இது அபூர்வமான பக்கவிளைவும் அல்ல. 3,090 பார்க்கின்சன் நோயாளரைப் பார்த்து 2010இல் வெளியான ஆய்வில், பிரமிபெக்சோல், அதே வகையைச் சேர்ந்த ரொபினிரோல் போன்ற மருந்துகளை எடுத்தோரில் 17.1 வீதத்தினருக்குச் சூது, அடங்காத கொள்வனவு, பெருந்தீனி, மிகைப் பாலுணர்வு இவற்றில் ஒன்றாவது இருந்தது. எடுக்காதோரில் 6.9 வீதம்.

மூளையில் ஸ்ட்ரையேற்றம் என்ற பகுதியின் மேற்புறம் அசைவைக் கவனிக்கும், கீழ்ப்புறம் லாப நட்டத்தை எடைபோடும். நோய் முதலில் வற்றவைப்பது மேற்புறத்து டோபமைனை, அதாவது நரம்புகள் சேதி கடத்தும் ஓர் இரசாயனத்தை. அதை ஈடுசெய்ய, டோபமைனைப் போல வேலைசெய்யும் இந்தக் குளிசையைக் கொடுக்கும் அளவு, கீழ்ப்புறத்துக்கு மிதமிஞ்சிப் போகிறது. பிரமிபெக்சோல் இறுகப் பிடிக்கும் டி3 ஏற்பிகள் (டோபமைன் வந்து ஒட்டும் இடங்களில் ஒரு வகை) செறிந்திருப்பதும் அங்கேதான். எதிர்பார்த்த பரிசு விழாதபோது டோபமைன் ஒரு கணம் சட்டென்று இறங்க வேண்டும்; ‘இனி வேண்டாம்’ என்று மூளை படிப்பது அந்த இறக்கத்தில். குளிசை ஏற்பியில் விடாமல் இருப்பதால் இறக்கம் உறைப்பதில்லை. எவ்வளவு விட்டேன் என்று ஐயா சரியாகவே கணக்குச் சொல்வார். அந்த நட்டம் அவர் கையைத் தடுக்காது. அவரை ஏசிப் பயனில்லை, தயவுசெய்து ஏசாதீர்கள்.

மகன் கோபத்தில் குளிசையை ஒளித்துவிட்டார். ஐயாவுக்குப் பதற்றம், வியர்வை, சோர்வு, அழுகை. இந்த மருந்தை ஒருபோதும் திடீரென்று நிறுத்தக் கூடாது. நரம்பியல் வைத்தியர்தான் மெல்லமெல்லக் குறைத்து, தேவையானால் லெவோடோபாவை (மூளையில் டோபமைனாக மாறும் இன்னொரு பார்க்கின்சன் மருந்து) சரிசெய்ய வேண்டும்.

மருந்துத் துண்டில் பிரமிபெக்சோல், ரொபினிரோல் போன்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்தில் முன்பு சூதோ குடியோ இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். பாலுணர்வு மாற்றத்தை நோயாளர் வெட்கத்தால் மறைப்பார். மனைவியிடம் வைத்தியர் தனியாகக் கேட்க வேண்டும். அளவு குறைத்து முடியும்வரை வங்கி அட்டை, போனில் உள்ள சூதாட்டச் செயலிகள், நகை மூன்றையும் வேறொருவர் பொறுப்பில் வையுங்கள்.

உவர்மலை ஐயாவுக்கு இப்போது அளவு பாதிக்கு வந்துவிட்டது. சீட்டு வாங்குவதும் குறைந்துவிட்டது. தாலிக்கொடி இன்னும் மீளவில்லை.