ஆர்6 பாடியில பழைய ஈஎஃப் லென்ஸ்: பல சீசன் ஓட்டிட்டு சொல்றேன்

நம்ம கல்யாணத்துல கேண்டிட் ஃபோட்டோ எடுக்கற தம்பி ஒருத்தன் கேட்டான், "அண்ணே, ஈஎஃப் 70-200 எஃப்/2.8 மார்க் டூ செகண்ட்ஸ்ல நல்லா விலை இறங்கிடுச்சு, எடுத்துடவா, இல்ல கடன உடன வாங்கியாவது ஆர்எஃப் போயிடவா"ன்னு. (ஈஎஃப்னா உள்ள கண்ணாடி வச்ச பழைய கேனான் டிஎஸ்எல்ஆருக்கான லென்ஸ் மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டற வாய். ஆர்எஃப்னா கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கான புது மவுண்ட்.) வாட்ஸப்ல ரெண்டு வரி பதில் போட்டா இதுக்கு நியாயமா இருக்காது. இதே கேள்வியோட நிறைய பேர் இருக்கீங்க, அதனால முழுசாவே எழுதிடறேன்.

கேனான் ஆர்6 ஸ்பெக் எல்லாம் தெரிஞ்சதுதான், 2020ல வந்த 20 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (ஃபிலிம் அளவு பெரிய சென்சார்) மிரர்லெஸ் பாடி, அதுல புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. என் பையில இருக்கறது அந்த பாடி, ஈஎஃப் லென்ஸ அதுல மாட்டறதுக்கு கேனானோட சாதா அடாப்டர், ஈஎஃப் 135 எஃப்/2 எல் (எல்னா கேனானோட உயர்தர வரிசை), 70-200 மார்க் டூ, 16-35 எஃப்/4, அப்புறம் ஈஎஃப் மவுண்ட்ல சிக்மா 35 ஆர்ட். ஆர்எஃப் லென்ஸ் சொந்தமா ஒண்ணு கூட கிடையாது, தேவைன்னா வாடகைக்கு எடுத்துக்குவேன்.

முதல்ல 135 பத்தி சொல்லியே ஆகணும். 1996ல வந்த லென்ஸ், ஸ்டெபிலைசர் கிடையாது, பாக்க ஒரு கருப்பு குழாய் மாதிரி இருக்கும், அவ்ளோதான். 5டி மார்க் த்ரீங்கற டிஎஸ்எல்ஆர்ல இத எஃப்/2ல, அதாவது அப்பர்ச்சர முழுசா திறந்து ஃபோகஸ் ஆழம் ரொம்ப கம்மியா வச்சு எடுக்கறப்போ பத்து ஃப்ரேம்ல எத்தனை கண்ணுல ஷார்ப்பா விழும்னு உத்தரவாதமே கிடையாது, ஒண்ணு இமை முடியில நிக்கும், ஒண்ணு மூக்குல நிக்கும், ஒண்ணு காதுல தொங்கற ஜிமிக்கில நிக்கும். காரணம் லென்ஸ் இல்ல. டிஎஸ்எல்ஆர்ல ஃபோகஸ் பாக்கற சென்சார் தனி, படம் விழற சென்சார் தனி, கண்ணாடிக்குப் பின்னாடி இன்னொரு சின்ன கண்ணாடி வெளிச்சத்த கீழ இருக்கற ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) சென்சாருக்கு அனுப்பும், ரெண்டுக்கும் நடுவுல மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் எஃப்/2ல அப்பட்டமா தெரிஞ்சுடும். அதுக்குத்தான் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்னு மெனு வச்சான், சார்ட்ட செவுத்துல ஒட்டி ப்ளஸ் மூணா மைனஸ் நாலான்னு உக்காந்து பாக்கணும். மிரர்லெஸ்ல படம் விழற சென்சாரேதான் ஃபோகஸும் பாக்குது, அதனால அந்த முன்ன பின்ன போற பிரச்சனையே இல்லாம போச்சு.

இத படிச்சு தெரிஞ்சுக்கறது வேற, முகூர்த்தத்துல பாக்கறது வேற. கெட்டிமேளம் சொன்னதும் எல்லாரும் எழுந்து நிப்பாங்க, அட்சதை பறக்கும், ஹோமப் புகை நடுவுல வரும், வீடியோ ஆளோட தோள் குறுக்க வரும், பொண்ணு தலைய குனிஞ்சு இருக்கும், நெத்திச்சுட்டி பாதி கண்ண மறைக்கும். அந்த நேரத்துல எஃப்/2ல வச்சு அழுத்தறேன், கண்ணு மேல விழுந்த அந்த சின்ன கட்டம் தோள் குறுக்க வந்தா ஒரு நொடி விடுது, விலகினதும் திரும்ப அதே கண்ணுல போய் உக்காருது. இருபது வருஷத்துக்கு மேல பழைய மோட்டாரு இது. இந்த லென்ஸ வடிவமைச்ச காலத்துல கண்ண கண்டுபிடிக்கற கேமரா வரும்னு யாரும் நினைச்சிருக்கவே மாட்டாங்க, ஆனா வாங்கின நாள்ல இருந்து இப்போதான் இது தன் முழு வேலைய செய்யுதுன்னு எனக்கு தோணுது. சொல்றப்பவே சந்தோஷமா இருக்கு.

ஸ்டெபிலைசரும் அப்படித்தான். லென்ஸ்ல இல்லன்னா என்ன, பாடில இருக்கு. ரிசெப்ஷன்ல லைட்ட குறைச்சுட்டு பாட்டு போடற நேரத்துல 135ல ஷட்டர் 1/60 வச்சு நிக்கறவங்கள எடுக்க முடியுது, முன்னாடி 1/160க்கு கீழ போகவே பயம். (ஆடறவங்களுக்கு இது உதவாது, அவங்களுக்கு ஷட்டர் ஏத்தித்தான் ஆகணும், ஐபிஸ்ங்கற இந்த பாடி ஸ்டெபிலைசர் கை நடுக்கத்துக்கு மட்டும்தான்.)

இது ஏன் இவ்ளோ சுத்தமா வேலை செய்யுதுன்னு புரியணும்னா 1987க்கு போகணும். அதுக்கு முன்னாடி கேனானுக்கு எஃப்டின்னு ஒரு மவுண்ட் இருந்துச்சு, ப்ரொஃபஷனல்ஸ் கைல நிறைய எஃப்டி லென்ஸ் இருந்துச்சு. கேனான் அத ஒரே வெட்டா வெட்டிட்டு ஈஎஃப் கொண்டு வந்தான். எஃப்டியோட ஃப்ளேஞ்ச் தூரம், அதாவது மவுண்ட்லேர்ந்து படம் விழற இடம் வரைக்கும் இருக்கற தூரம், 42 மில்லி, ஈஎஃப் 44 மில்லி, அதனால நடுவுல கூடுதலா ஒரு லென்ஸ் கண்ணாடி வைக்காம பழைய லென்ஸ புது பாடில போட்டா இன்ஃபினிட்டி ஃபோகஸே வராது, தூரத்துல இருக்கறது ஷார்ப்பா விழாது. அன்னைக்கு எஃப்டி வச்சிருந்தவங்க எவ்ளோ கொதிச்சிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ஆனா ஈஎஃப்ல லீவர், ஸ்க்ரூன்னு எந்த மெக்கானிக்கல் சமாச்சாரமும் இல்ல, மோட்டார் லென்ஸ்குள்ள, அப்பர்ச்சர் லென்ஸ்குள்ள, பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவுல வெறும் மின்சாரத் தொடர்பு மட்டும். 31 வருஷம் கழிச்சு 2018ல ஆர்எஃப் வந்தப்போ ஃப்ளேஞ்ச் 20 மில்லி ஆச்சு, மவுண்ட் விட்டம் அதே 54 மில்லி, மின்சாரத் தொடர்புக்கான பின்னுங்க எட்டுலேர்ந்து பன்னெண்டு ஆச்சு. மிச்சம் இருக்கற 24 மில்லிய நிரப்பற ஒரு காலி வளையம்தான் அடாப்டர். கைல எடுத்து அது வழியா பாத்தீங்கன்னா மறுபக்கம் தெரியும், உள்ள கண்ணாடி ஒண்ணும் கிடையாது, அதனால ஷார்ப்னெஸ் குறைய வழியே இல்ல.

நிக்கான் இதுக்கு நேர் எதிர். 1959ல வந்த எஃப் மவுண்ட்ட மிரர்லெஸ் வர்ற வரைக்கும் விடவே இல்ல, பழைய வாடிக்கையாளர கைவிடக் கூடாதுன்னு பிடிவாதமா இருந்தாங்க, அது பெரிய விஷயம், நான் மதிக்கறேன். ஆனா ஆட்டோஃபோகஸ் மோட்டார பாடில வச்சு ஸ்க்ரூ வழியா லென்ஸ திருப்பின ஏஎஃப்-டி லென்ஸெல்லாம் இன்னைக்கு நிக்கானோட இசட் மிரர்லெஸ் பாடில எஃப்டிஇசட் அடாப்டர் போட்டா மேனுவல் ஃபோகஸ்தான், ஏன்னா அடாப்டர்ல மோட்டார் இல்ல. 85 எஃப்/1.4 டி வச்சிருந்த என் நண்பர் ஒருத்தர் அத கடைசில வித்துட்டாரு.

அடாப்டர்ல எனக்கு இருக்கற ஒரே எரிச்சல், ரெண்டு ரிலீஸ். பாடில ஒரு பட்டன், அடாப்டர்ல ஒரு லீவர். அவசரத்துல லென்ஸ் மாத்தறப்போ ஒரு சமயம் லென்ஸ் மட்டும் கழண்டு வரும், ஒரு சமயம் அடாப்டரோட சேந்து வரும், அடுத்த லென்ஸ் கைல ரெடியா இருக்கும், அதுக்கு அடாப்டர் இருக்காது. ஒரு லென்ஸுக்கு ஒரு அடாப்டர்னு நிரந்தரமா மாட்டி வச்சுட்டா தீந்தது, ஆனா அதுக்கு காசு ஆகும். அப்படி மிச்சம் பிடிக்கலாம்னு வேற ஒரு கம்பெனி அடாப்டர் வாங்கினேன், பேர் வேணாம், 70-200 மாட்டினா லேசா ஆடும், சடங்கு நடுவுல எர்ர் 01 காட்டிட்டு நிக்கும், கழட்டி மாட்டினா வரும். அத தூக்கி வீட்டுல வச்சுட்டேன். அடாப்டர்ல சிக்கனம் பாக்காதீங்க.

இன்னொரு விஷயம், ட்ராப்-இன் ஃபில்டர் அடாப்டர்னு ஒண்ணு இருக்கு, என்டியோ (வெளிச்சத்த குறைக்கற ஃபில்டர்) போலரைசரோ லென்ஸுக்குப் பின்னாடி சொருகிக்கலாம். 11-24 மாதிரி முன்கண்ணாடி உப்பி இருக்கற லென்ஸுக்கு முன்னாடி ஃபில்டர் மாட்ட முடியாது, இதுல முடியும். அவுட்டோர் ப்ரீ-வெட்டிங் வீடியோ பண்றவங்களுக்கு எல்லா ஈஎஃப் லென்ஸுக்கும் சேத்து ஒரே வேரியபிள் என்டி போதும். ஆர்எஃப் லென்ஸ்ல இந்த வசதி கிடையாது, அடாப்டருக்கு இடமே இல்லையே.

இவ்ளோ நேரம் பாராட்டினேன், இப்போ கோவம்.

ஃபுல் ஃப்ரேம் ஆர்எஃப் மவுண்ட்ல சிக்மா, டாம்ரான் மாதிரி வெளி லென்ஸ் கம்பெனிங்களோட ஆட்டோஃபோகஸ் லென்ஸ் எங்க? சோனி 2011லேயே தன்னோட ஈ-மவுண்டோட அடிப்படை விவரத்த காசு வாங்காம மத்த லென்ஸ் கம்பெனிகளுக்கு கொடுத்துட்டான். பானாசோனிக், லைக்கா, சிக்மா மூணு பேரும் 2018ல எல்-மவுண்ட்னு ஒரு பொது மவுண்ட்ல கை கோத்தாங்க. நிக்கான் கூட 2022லேர்ந்து டாம்ரானுக்கு லைசன்ஸ் கொடுக்க ஆரம்பிச்சான். கேனான் என்ன பண்ணான்? 2022ல இன்னொரு லென்ஸ் கம்பெனியான வில்ட்ராக்ஸோட ஆர்எஃப் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் எல்லாம் சந்தைலேர்ந்து காணாம போச்சு, எங்க பேட்டன்ட், டிசைன் உரிமைய மீறினதால நிறுத்தச் சொன்னோம்னு கேனான் தரப்பே சொன்னாங்க. 2024 ஏப்ரல்ல சிக்மாவும் டாம்ரானும் லைசன்ஸோட வர்றாங்கன்னு அறிவிப்பு வந்தப்போ குதிச்சேன், படிச்சுப் பாத்தா எல்லாமே ஏபிஎஸ்-சி, அதாவது சின்ன சென்சார் இருக்கற க்ராப் பாடிக்கு. சிக்மா 18-50 எஃப்/2.8, டாம்ரான் 11-20ன்னு க்ராப் பாடிக்கு நல்ல லென்ஸ்தான், ஆர்7, ஆர்10, ஆர்50 வச்சிருக்கற பசங்களுக்கு கொண்டாட்டம். ஆனா கல்யாணம் எடுத்து சம்பாதிக்கற ஃபுல் ஃப்ரேம் ஆளுக்கு கதவ திறக்கல.

இது எவ்ளோ உறுத்துதுன்னா, டாம்ரான் 35-150 எஃப்/2-2.8னு ஒரு லென்ஸ் இருக்கு. சோனிக்கு 2021ல வந்துச்சு, நிக்கான் இசட்டுக்கு 2023ல வந்துச்சு. கல்யாண வேலைக்குன்னே செஞ்ச மாதிரி லென்ஸ், ஒரே லென்ஸ்ல மேடை, கூட்டம், க்ளோஸ்-அப் எல்லாம் முடிஞ்சுடும். பக்கத்துல நின்னு எடுக்கற சோனிக்காரர் அதோட நாள் முழுக்க லென்ஸே மாத்தாம சுத்தறாரு. கேனான்ல அது வேணும்னா வழியே இல்ல. ஆனா ஈஎஃப்க்கு வந்த சிக்மா ஆர்ட்ட மட்டும் அடாப்டர்ல போட்டு ஓட்டலாம், நல்லாவே ஓடுது, என் 35 டிஎஸ்எல்ஆர்ல ஃபோகஸ் தடுமாறினது, யூஎஸ்பி டாக்ல சொருகி சரி பண்ணி பண்ணி அலுத்துப் போனது, ஆர்6ல கல்லு மாதிரி நிக்குது. முன்வாசல பூட்டிட்டு கொல்லைப்புறத்த திறந்து போட்ட வீடு மாதிரி இருக்கு.

கேனான் பக்கமும் நியாயம் இருக்கு, அதையும் சொல்றேன். 2010ல உலகம் முழுக்க ஜப்பான் கம்பெனிங்க அனுப்பின டிஜிட்டல் கேமரா 12 கோடிக்கு மேல, 2023ல அது 80 லட்சத்துக்கும் கீழ. சின்ன கேமரா மொத்தத்தையும் ஃபோன் முழுங்கிடுச்சு. எண்ணிக்கைல சம்பாதிக்க முடியாதுன்னா ஒரு பொருளுக்கு கிடைக்கற லாபத்தத்தான் ஏத்த முடியும், பாடி வாங்கினவன் லென்ஸும் நம்மகிட்டயே வாங்கணும்னு நினைப்பாங்க. 28-70 எஃப்/2ன்னு ஒரு ஜூம் செய்யணும்னா அதுக்கு ஆராய்ச்சிக்கு காசு வேணும், அந்த மாதிரி லென்ஸ ஆர்எஃப் வந்த முதல் வருஷமே கொண்டு வந்தான், அது சாதாரணமில்ல, வாடகைக்கு எடுத்து பாத்திருக்கேன், ப்ரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) வேணாம்னு ஆக்கிடும். சோனியும் முழுசா தாராளம்னு சொல்ல முடியாது, ஏ9, ஏ1 பாடில மத்த கம்பெனி லென்ஸ் போட்டா நொடிக்கு 15 ஃப்ரேமோட நிறுத்திடுவான்.

இருந்தாலும் மனசு ஆறல. ஏன்னா நடுத்தட்டுக்கு லென்ஸே இல்லாம வருஷக்கணக்குல விட்டான். ஒரு பக்கம் லட்சத்த தாண்டற எல் லென்ஸ், இன்னொரு பக்கம் எஃப்/7.1ல முடியற கிட் ஜூம், எஃப்/11 ஒரே அப்பர்ச்சர்ல 600, 800. நடுவுல எஃப்/2.8 ஜூம் ஒண்ணு கொஞ்சம் தாங்கற விலைல 28-70 எஃப்/2.8 எஸ்டிஎம்னு வர 2024 ஆச்சு, மவுண்ட் வந்து ஆறு வருஷம் கழிச்சு! எல் இல்லாத லென்ஸுக்கு ஹுட் கூட டப்பால கிடையாது, தனியா வாங்கணும். சிக்மா, டாம்ரான் உள்ள இருந்திருந்தா இந்த இடம் காலியாவே இருந்திருக்காது. ஈஓஎஸ் எம்னு கேனானோட சின்ன மிரர்லெஸ் கேமரா வாங்கினவங்க கதைய பாருங்க, 2012ல வந்த மவுண்ட், ஃப்ளேஞ்ச் 18 மில்லி, ஆர்எஃப் லென்ஸ் அதுல ஏறாது, அந்த லென்ஸ் ஆர் பாடிலயும் ஏறாது, சின்ன கேமரா போதும்னு நம்பி வாங்கினவங்கள வழில விட்டுட்டாங்க.

அதனால என் முடிவு. ஏற்கனவே ஈஎஃப் லென்ஸ் வச்சிருக்கீங்கன்னா ஒண்ணையும் விக்காதீங்க, பாடிய மட்டும் மாத்துங்க, ஒரு ஆர்6 போதும், உங்க பழைய லென்ஸ் எல்லாம் புதுசான மாதிரி இருக்கும். கேட்ட தம்பிகிட்ட டிஎஸ்எல்ஆர் காலத்து ஈஎஃப் கிட் இருக்கு, அவன் அந்த 70-200ஐ தாராளமா எடுக்கலாம், புது ஆர்எஃப் விலைல பாதி கூட ஆகாது. ஆர்எஃப்ல 2019ல வந்த 70-200 எடை கம்மி, பைல சின்னதா அடங்கும், ஆனா ஜூம் பண்ணா வெளிய நீளும், டெலிகன்வர்ட்டர் (இன்னும் தூரமா எடுக்க பின்னாடி மாட்டற துணை லென்ஸ்) ஏறாது. பழைய ஈஎஃப்ல நீளவும் நீளாது, 1.4எக்ஸ் டெலிகன்வர்ட்டரும் ஏறும்.

ஆனா கைல ஒண்ணுமே இல்லாம, இப்போதான் முதல் ஃபுல் ஃப்ரேம் வாங்கப் போறேன்னு யாராவது கேட்டா, நான் கேனான சொல்ல மாட்டேன். சோனியோ நிக்கானோ போங்க, 35-150 வாங்குங்க. இவ்ளோ புகழ்ந்துட்டு இப்படி சொல்றியேன்னு கேப்பீங்க. நான் புகழ்ந்ததெல்லாம் 1987லேர்ந்து சேத்து வச்ச சொத்த, 2017லயே 13 கோடி ஈஎஃப் லென்ஸ் செஞ்சு முடிச்சிருந்தான், அதுல செகண்ட்ஸ்க்கு வர்றதுதான் இன்னைக்கு நம்மள காப்பாத்துது. புது ஈஎஃப் லென்ஸ் செய்யறத குறைச்சுட்டு போறான், சர்வீஸ் பார்ட்ஸும் வருஷா வருஷம் கம்மியாதான் ஆகும். அத நம்பி புதுசா ஒருத்தர இழுத்து விட எனக்கு மனசு வரல.

ஈஎஃப் செகண்ட்ஸ் பாக்க போறவங்களுக்கு: ஃபோன் டார்ச்ச பின்பக்கத்துலேர்ந்து அடிச்சு உள்ள சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரியுதான்னு பாருங்க, நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு ஃபங்கஸ்தான் முதல் எதிரி, ட்ரை கேபினட்ல வச்சிருந்தீங்களான்னு வாய விட்டு கேளுங்க. 70-200ல ஸ்டெபிலைசர ஆன் பண்ணி காது கிட்ட வச்சு கேளுங்க, லேசா உறுமல் இருக்கறது சகஜம், தட்டற சத்தம் வந்தா விட்டுடுங்க. அப்பர்ச்சர எஃப்/8ல வச்சு நாலஞ்சு ஷாட் எடுத்து எல்லாம் ஒரே வெளிச்சத்துல வருதான்னு பாருங்க. க்ராப் பாடிக்குன்னு செஞ்ச ஈஎஃப்-எஸ் லென்ஸ் மலிவா இருக்குன்னு மட்டும் ஆர்6க்கு வாங்கிடாதீங்க, தானா க்ராப் ஆகி 20 மெகாபிக்சல் 8க்கு வந்துடும்.