பேண்ட்கேம்ப்: அறியாத பேண்டுகளைத் தேடிப் பிடிக்க ஒரு நல்ல கடை

பாட்டுச் செயலிகள் பெரும்பாலும் நாம் ஏற்கெனவே கேட்டதற்குப் பக்கத்தில் இருப்பதையே திரும்பத் திரும்ப எடுத்து நீட்டும். சில நூறு பேர் மட்டுமே கேட்டிருக்கும் ஒரு சுயாதீன இசைக்குழு அந்த வரிசையில் மேலே வருவது அபூர்வம். அப்படிப்பட்ட குழுக்களைத் தேடுகிறவர்களுக்கு குழுக்களே தங்கள் ஆல்பங்களை நேரடியாக விற்கும் இணையதளமான, 2008-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப்தான் இன்றும் முதல் பரிந்துரை. குறைகள் இருக்கின்றன, அவற்றையும் சொல்லிவிடலாம். ஆனால் தேடத் தெரிந்தவருக்கு இது அள்ளிக் கொடுக்கும்.

'டிஸ்கவர்' பக்கத்தில் இசை வகையைத் தேர்ந்தெடுத்ததும் அதிகம் விற்றவை முன்னால் வந்து நிற்கும். அவை ஏற்கெனவே பேர் வாங்கியவை என்பதால் வரிசையைப் 'புதியவை' என்று மாற்றிவிட்டுப் பாருங்கள். ஊரை வைத்தும் தேடலாம். பேண்டுகள் தங்கள் பக்கத்தில் குறிப்பிடும் ஊரே ஒரு குறிச்சொல்லாகிவிடும். சென்னை என்று ஆங்கிலத்தில் கொடுத்தால் ராக், மெட்டல், எலெக்ட்ரானிக் எல்லாம் கலந்துகட்டி வரும். குறிச்சொற்களைக் குழுக்களே போட்டுக்கொள்வதால் அவற்றை முழுக்க நம்ப முடியாது. 'போஸ்ட் ராக்' (பாடலைவிட வாத்திய இசைக்கு இடம் தரும் ராக் வகை) என்று போட்டிருப்பது படுக்கையறையில் ஒருவர் தனியாகப் பதிந்த கிட்டாராகவும் இருக்கலாம். எதையும் முப்பது விநாடியாவது கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள்.

பேண்ட்கேம்பின் உண்மையான சொத்து ஆல்பத்தின் அட்டைப்படத்துக்குக் கீழே இருக்கிறது. வாங்கியவர்களின் சின்னச் சின்னச் சதுரப் படங்கள் அங்கே வரிசையாக நிற்கும். சிலர் இரண்டு வரி எழுதி, பிடித்த பாட்டையும் குறித்திருப்பார்கள். ஒரு படத்தைத் தொட்டால், அந்த ஆள் காசு கொடுத்து வாங்கிய மொத்தச் சேகரிப்பும் திறக்கும். கேட்டுவிட்டுப் போனவரின் ரசனையைவிடக் காசு கொடுத்தவரின் ரசனைக்கு எடை அதிகம்.

உதாரணத்துக்கு, சென்னையின் தி எஃப்16ஸ், டெல்லியின் பீட்டர் கேட் ரெக்கார்டிங் கோ. போன்ற உங்களுக்குப் பிடித்த ஒரு பேண்டின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வாங்கியவர்களில் மூன்று பேரைப் பிடியுங்கள். சேகரிப்பில் 100 முதல் 500 ஆல்பம் வைத்திருப்பவர்கள்தான் சரியான ஆட்கள். மூன்றே மூன்று ஆல்பம் வைத்திருப்பவர் அந்தக் குழுவின் நண்பராக இருக்க வாய்ப்பு அதிகம். பல ஆயிரம் வைத்திருப்பவர் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குகிறவர், அவருடைய ரசனை எது என்று பிரித்தறிய முடியாது. மூன்று சேகரிப்புகளில் இரண்டிலாவது இருந்து, நீங்கள் பெயர்கூடக் கேட்டிராத குழு எதுவோ, அங்கே போங்கள். இந்த ஒரு முறைக்காகவே இந்தத் தளத்தைப் பரிந்துரைக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஒரு லேபிளின் (இசை வெளியீட்டு நிறுவனத்தின்) மொத்த ஆல்பங்களையும் தள்ளுபடியில் ஒரே கட்டாக வாங்கும் வசதி உண்டு. ஒரே லேபிளின் நாற்பது ஆல்பம் அடுத்தடுத்து நின்றால் அந்தக் கட்டு மொத்தத்தையும் வாங்கியிருக்கிறார் என்றே கொள்ளுங்கள், அது ரசனைக்கு அடையாளம் அல்ல.

ஒருவருடைய ரசனை ஒத்துப்போனால் அவரைப் பின்தொடருங்கள். அவர் அடுத்து வாங்குவது உங்கள் ஃபீடில் வந்து நிற்கும்.

இனி காசு. டிஜிட்டல் விற்பனையில் தளம் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஒரு கலைஞரின் விற்பனை 5,000 டாலரைத் தாண்டினால் அது 10 ஆகக் குறையும். டி-ஷர்ட், இசைத்தட்டு, கேசட்டுக்கும் 10தான். பணம் கைமாறும் கட்டணமும் போக, சராசரியாக 82 சதவீதம் குழுவுக்கோ அதன் லேபிளுக்கோ சேர்கிறது. 7 டாலர் ஆல்பத்துக்கு 5.70 டாலர் அளவில் அவர்கள் கைக்குப் போகும்.

'விலையை நீங்களே சொல்லுங்கள்' என்று போட்டிருக்கும் ஆல்பத்துக்குப் பூஜ்யம் போட்டு இறக்குவது பலருக்கு வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். இலவச இறக்கத்துக்குக் குழுக்களுக்கு மாதம் 200 என்று அளவு உண்டு. ஒவ்வொரு பூஜ்யமும் அதில் ஒன்றைத் தின்கிறது. அதோடு, பூஜ்யத்துக்கு எடுத்தது உங்கள் சேகரிப்பில் ஏறாது, அட்டைப்படத்துக்குக் கீழே உங்கள் படமும் வராது. அடுத்தவர் உங்கள் வழியாக அந்தக் குழுவைக் கண்டுபிடிக்கும் கதவை நீங்களே சாத்துகிறீர்கள். ஒரு டாலராவது போடுங்கள்.

இந்தியாவிலிருந்து வாங்குகிறவர்களுக்கு இடைஞ்சல் பணம் கட்டும் இடத்தில்தான். யுபிஐ கிடையாது. கார்டு மறுக்கப்பட்டால் முதலில் வங்கிச் செயலியில் 'வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை' திறந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய கார்டுகளில் அது மூடியே வரும். பெரும்பாலான வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டியும் போடும். இசைத்தட்டு வாங்க அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவிலிருந்து அனுப்பும் செலவே தட்டின் விலையைத் தொட்டுவிடும், சுங்கவரி தனி.

வாங்கிய அன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பேண்ட்கேம்ப் 2022-இல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனத்திடமும், 2023-இல் சாங்டிராடர் என்ற இசை உரிம நிறுவனத்திடமும் கைமாறியது. இரண்டாவது முறை ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேலையிழந்தார்கள். அது மனதை உறுத்தும் விஷயம். தளத்தையே நம்பிச் சேகரிப்பை அங்கேயே விட்டுவைப்பது சரியல்ல. 40 நிமிட ஆல்பம் 320 கேபிபிஎஸ் எம்பி3-யில் சுமார் 96 எம்பி, ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பில் தோராயமாக 250 எம்பி. வன்தட்டில் வைக்க ஃப்ளாக், போனுக்கு எம்பி3 போதும்.

பெரிய குறை ஒன்று உண்டு. தமிழில் பாடும் குழுக்கள் இங்கே குறைவு. 2018-இல் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் போன்றவர்களை யூடியூபில்தான் பெரும்பாலோர் கேட்டார்கள். தமிழ்ப் பாட்டு மட்டும் தேடுகிறவர்கள் இதோடு யூடியூபையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தவருக்குச் சொல்லும்போது ஆல்பத்தின் இணைப்பை மட்டும் அனுப்பினால் திறக்க மாட்டார்கள். ஒரே ஒரு பாட்டின் இணைப்பு, எந்த நிமிடத்தில் டிரம்ஸ் நுழைகிறது என்ற குறிப்பு, இரண்டும் இருந்தால் கேட்பார்கள். ஆல்பத்தையே பரிசாக அனுப்பும் வசதியும் இருக்கிறது. வாங்கிய பிறகு உங்கள் படத்தோடு இரண்டு வரி எழுதி, பிடித்த பாட்டைக் குறித்துவையுங்கள்.

குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' 2020 மார்ச்சில் தொடங்கியது. அந்த நாட்களில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுப்பதால் சராசரியாக 93 சதவீதம் குழுவுக்குப் போகிறது. மாதாமாதம் வராது, தேதியைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு பசிபிக் நேரத்தில் ஓடுவதால் இங்கே வெள்ளி மதியம் 1.30-க்குத் தொடங்கும், அமெரிக்கக் கோடைகாலத்தில் 12.30-க்கு. வெள்ளி காலையிலேயே வாங்கினால் தளத்தின் பங்கு வழக்கம்போலப் போய்விடும். ஆல்பங்களை முன்கூட்டியே விருப்பப் பட்டியலில் சேர்த்து வைத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாங்குங்கள்.