முட்டையா, குஞ்சா, வளர்ந்த கோழியா? ஜாதிக்கோழி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கோழி வளர்ப்பு புதிய விஷயம் இல்லை. புதிதாக வந்திருப்பது ஜாதிக்கோழி மேல் உள்ள ஆசை. லயத்து வீட்டில் நாட்டுக்கோழியோடு வளர்ந்தவர்கள், தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிபோன பிறகு காலில் இறகுள்ள பெரிய பிரம்மா வேண்டும், பஞ்சு இறகுள்ள சில்கி வேண்டும், குட்டிக்கோழியான செரமா வேண்டும் என்று விசாரிக்கிறார்கள். வளர்ப்பாளர் விலையைச் சொன்னதும், "ஒரு கோழிக்கா இவ்வளவு?" என்று திரும்பிவிடுகிறார்கள். அப்புறம் மலிவாகக் கிடைக்கிறதென்று முட்டையை வாங்குகிறார்கள்.

என் கருத்து இதுதான்: கையில் வாங்கும் பொருளின் விலையை ஒப்பிட்டுப் பயனில்லை. முட்டையிடத் தயாரான ஒரு நல்ல விடைக்கோழி உங்கள் கூண்டில் நிற்கும்போது, அதற்கு மொத்தம் எவ்வளவு போனது என்று பாருங்கள்.

பிரம்மாவை எடுத்துக்கொள்வோம். விலை ஆளுக்கு ஆள், வண்ணத்துக்கு வண்ணம் மாறும். இங்கே நான் போடும் தொகைகள் கணக்குப் புரிவதற்கு மட்டும். கருக்கூடிய முட்டை ஒன்று 10 வெள்ளி (ரிங்கிட்), 12 முட்டை 120 வெள்ளி, அனுப்பும் செலவு 20. ஆக 140. வண்டியில் குலுங்கி வந்த முட்டையில் பாதி பொரித்தாலே நல்ல பொரிப்பு. ஆறு குஞ்சு. அதில் பாதி சேவல். நாலு மாதத்தில் சேவல்களைக் கழித்துவிட்டு, மூன்று பெட்டைகளை ஆறு மாதம் வரை வளர்த்தால், எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 57 கிலோ தீனி தின்றிருக்கும். கிலோ 3 வெள்ளி என்றால் 170 வெள்ளி. செம்பனை ஓரத்தில் இருப்பவர்களுக்கு உடும்பும் மலைப்பாம்பும் தெரிந்ததுதான். ஒரு பெட்டை போனதென்று வைத்துக்கொண்டால், 310 வெள்ளிக்கு இரண்டு பெட்டை. ஒன்று 155. அடை மெஷின், அதற்கான கரண்ட், உங்கள் ஆறு மாத உழைப்பு எதையும் இதில் சேர்க்கவில்லை.

ஒரு நாள் குஞ்சு 30 வெள்ளி என்றால், ஆறு குஞ்சு 180. தீனி அதே 170. மொத்தம் 350, ஒரு பெட்டைக்கு 175. முட்டைக்கும் குஞ்சுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பெட்டைக்கு 20 வெள்ளிதான். பொரிக்காமல் போகும் நஷ்டத்தை வளர்ப்பாளர் தலையில் ஏற்றியதற்கு அது கூலி. மெஷின் இல்லாத வீட்டுக்கு இதுவே மேல். ஆனால் குஞ்சில் ஆண் பெண் பார்ப்பது சிரமம். வரிப் பிளிமத் ராக் மாதிரி சில இனங்களில் தலையில் உள்ள வெள்ளைப் புள்ளியை வைத்து ஓரளவு சொல்லலாம். சேவல் குஞ்சின் புள்ளி பெரிதாக இருக்கும். பிரம்மாவில் அந்த வசதி இல்லை. "அண்ணே, எல்லாமே பொட்டைதான்" என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

இப்போது வளர்ந்த விடைக்கோழி. 200 வெள்ளி கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 155க்கும் 175க்கும் பக்கத்தில் அது இப்போது அத்தனை பெரிய தொகையாகத் தெரியாது. அதோடு, நீங்கள் வளர்த்த இரண்டு பெட்டையும் விதி கொடுத்தவை. காலில் இறகு குறைந்திருக்கலாம், கொண்டை கோணலாக இருக்கலாம். வளர்ப்பாளர் விற்பது பலவற்றில் கழித்து நிறுத்திய ஒன்று. இனப்பெருக்கத்துக்கு வாங்குகிறவர் வளர்ந்ததையே வாங்கட்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

வளர்ப்பாளர் விலையைக் கூட்டுவதற்கு நியாயமும் இருக்கிறது. மேரெக்ஸ் என்பது கோழியின் நரம்பைத் தாக்கி முடமாக்கும் வைரஸ் நோய். அதற்குக் குஞ்சு பொரித்த முதல் நாளே தடுப்பூசி போட வேண்டும். அந்த மருந்து பெரும்பாலும் 1000 கோழிக்கான குப்பியில்தான் வரும். கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். இருபது குஞ்சு பொரித்தவர் இருபதுக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்டுகிறார். சில்கிக்கு மேரெக்ஸ் எளிதில் தாக்கும் என்பதால் அதில் இந்தச் செலவைத் தவிர்க்கவே கூடாது. போட்டாரா என்று கேளுங்கள். போட்டவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு ஆகாது.

வெள்ளைக்கழிச்சல், மலாய்க்காரர்கள் சம்பார் என்பது, வேறு விஷயம். அதை நாமே தடுக்கலாம். 1980களில் செர்டாங்கில் இருந்த விவசாயப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து, சூடு தாங்கும் வி4 தடுப்பு மருந்தைத் தீனியில் கலந்து கொடுக்கும் முறையைக் கிராமத்துக் கோழிகளை மனதில் வைத்தே உருவாக்கின. நம் நாட்டில் நடந்த அருமையான வேலை அது.

செரமாவுக்கு மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தாது. அரைக் கிலோவைத் தொடாத சேவல் எவ்வளவு தின்னப் போகிறது? தீனிச் செலவு ஒன்றுமே இல்லை. ஆனால் கிளந்தானில் உருவான இந்தக் கோழி, அளவிலும் தோரணையிலும் தாய் தகப்பனைப் போலவே பிறக்கும் என்று சொல்ல முடியாது. போட்டியில் ஜெயித்த ஜோடியின் முட்டையிலிருந்து சாதாரணக் குஞ்சும் வரும். மிகக் குட்டைக் கால் உள்ள சேவலையும் பெட்டையையும் சேர்த்தால் கருவில் கால் பங்கு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். குட்டைக் காலைக் கொடுக்கும் மரபணுவின் வேலை அது. அதனால் செரமா முட்டை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. வளர்ந்ததை நடக்கவிட்டு, நெஞ்சு நிமிர்த்தி நிற்பதைப் பார்த்து வாங்குங்கள். கிளந்தானிலிருந்து கெரிக் வழியாகக் கோழி கொண்டுவந்து கொடுக்கும் ரன்னரிடம் சொல்லி எடுப்பதானால், முதலில் வீடியோ கேளுங்கள். ரன்னர் கூலி ஒரு கோழிக்கும் நாலு கோழிக்கும் பெரிதாக மாறாது என்றால், தெரிந்தவர்களோடு சேர்ந்து எடுத்தால் செலவு குறையும்.

சில்கியில் ஒரு வசதி உண்டு. கழித்த சேவலுக்கும் விலை இருக்கிறது, ஏனென்றால் கருங்கோழி சூப்புக்குச் சீனர்கள் வாங்குவார்கள். பெட்டை நன்றாக அடைகாக்கும். மற்ற கோழியின் முட்டையையும் பொரித்துக் கொடுக்கும். ஆக முட்டையாகவோ குஞ்சாகவோ வாங்கி நஷ்டப்படாமல் தப்ப வாய்ப்புள்ள ஜாதி இதுதான்.

வீட்டுக்கு முட்டையும் தீபாவளிக்குக் கறியும் போதும் என்கிறவர்களுக்கு இதில் எதுவும் வேண்டாம். பிரம்மா தாமதமாகத்தான் முட்டையிடத் தொடங்கும், நம் வெயிலில் மூச்சு வாங்கும், மழைக்காலத்தில் கால் இறகில் சேறு உருண்டையாக ஒட்டிக்கொள்ளும், காலில் செதில் பூச்சி வரும். அந்தப் பணத்தில் நல்ல நாட்டுக்கோழியோ, அரசாங்க விவசாய ஆராய்ச்சிக் கழகமான மார்டி உருவாக்கிய ஆயாம் சாகா கோழியோ வாங்கினால் போதும்.

ஜாதிக்கோழிதான் என்று முடிவு செய்தவர்கள், பணம் கொடுக்கும் முன் தாய் தகப்பனைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சேவலும் இரண்டு பெட்டையும் ட்ரையோவாக எடுத்தால், சேவல் அதே வயிற்றுப் பிள்ளையா என்று கேளுங்கள். வேறு இடத்துச் சேவலாக இருந்தால், கூடப்பிறந்தவை இணைவது தவிரும் என்பதால், கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். கொண்டுவந்த கோழியைக் குறைந்தது இரண்டு வாரமாவது பழைய கோழிகளோடு சேர்க்காமல், தனித் தண்ணீர்க் கிண்ணத்தோடு வேறு கூண்டில் வையுங்கள். அந்தக் கூண்டின் விலையையும் முதல் நாளே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.