2018-ல் வாங்கிய வைர மோதிரம்: தினமும் போட்டுப் பார்த்த அனுபவம்

எங்கள் திருமண நாளுக்காக 2018-ல் வேலூரில் வாங்கிய மோதிரம் இது. 18 கேரட் மஞ்சள் தங்கம், நடுவில் 47 சென்ட் எடையுள்ள வட்ட வைரம் (வைர எடையில் 100 சென்ட் ஒரு கேரட்), அதன் இரண்டு பக்கமும் வரிசையாகப் பொடிக்கற்கள். விசேஷத்துக்கு மட்டும் பீரோவிலிருந்து எடுக்கிற நகை இல்லை. பள்ளிக்கூடம், அடுப்படி, டவுன் பஸ் எல்லாவற்றுக்கும் இது கையோடுதான் வருகிறது. வைரம் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: கல்லின் தரத்துக்காக யோசிக்கிற நேரத்தில் பாதியையாவது அந்தக் கல்லைப் பிடித்திருக்கும் வேலைப்பாட்டுக்குக் கொடுங்கள்.

ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் முதலில் காதில் விழுந்தது 'விவிஎஸ், ஈஎஃப்' தான். விவிஎஸ் என்பது கல்லுக்குள் இருக்கும் புள்ளி, கீறல் பற்றியது. ஈ, எஃப் என்பவை நிறம். டி-யில் தொடங்கி இசட் வரை போகப் போக மஞ்சள் கூடும். விவிஎஸ்ஸுக்கு அடுத்த படியான விஎஸ் கல்லில் இருக்கும் குறைகூட பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில்தான் தெரியும். வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசத்துக்கு விலை மட்டும் கணிசமாக ஏறுகிறது. நிறமும் அப்படித்தான். மஞ்சள் தங்கத்தில் பதித்தால் ஜி, எச் நிறக் கல்லே வெள்ளையாகத் தெரியும். நாங்கள் எடுத்தது ஜி, விஎஸ்1. இத்தனை வருடத்தில் அது ஒரு குறையாக எனக்குத் தோன்றவே இல்லை.

என் மாமியாருக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது. "காகபாதம் இல்லாத கல்லா பாரும்மா" என்று சொல்லித்தான் அனுப்பினார். காக்கைக் கால் மாதிரி கல்லுக்குள் தெரியும் கீறலைத்தான் அப்படிச் சொல்வார்கள், அது தோஷம் என்பது நம்பிக்கை. தோஷத்தை நம்புகிறோமோ இல்லையோ, அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. உள்ளே இருக்கும் விரிசல் மேற்பரப்பு வரை வந்திருந்தால் பலமான அடியில் கல் உடையலாம். வைரத்தைக் கீறுவது கடினம், ஆனால் சரியான கோணத்தில் அடி விழுந்தால் அது பிளக்கும். ஆகவே லென்ஸில் பார்க்கும்போது ஓரங்களைக் கவனமாகப் பாருங்கள்.

பணம் போட வேண்டிய இடம் பட்டை தீட்டிய தரம், அதாவது கட். கடையின் ஸ்பாட் லைட்டுக்கு அடியில் எந்தக் கல்லும் மின்னும். மோதிரத்தை வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கேளுங்கள், நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள். கட் சரியில்லாத கல் அங்கே நடுவில் கண்ணாடி மாதிரி வெறிச்சென்று இருக்கும். எங்கள் கல் அடுப்படி டியூப் லைட்டிலும் உயிரோடு இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் கட்தான். இன்னொன்று, 50 சென்ட், ஒரு கேரட் என்ற முழு எண்களில் விலை குதிக்கும். 47-க்கும் 50-க்கும் விட்டத்தில் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

"பதினெட்டு கேரட்டா, 916 கிடையாதா?" என்று வீட்டில் கேட்பார்கள். 22 கேரட் மென்மையானது, கல்லைப் பிடிக்கும் கொக்கிகள் சீக்கிரம் வளைந்துவிடும். தினமும் போடும் வைர மோதிரத்துக்கு 18 தான் சரி.

இனி வேலைப்பாடு. என் மோதிரத்தில் நடுக்கல்லை நான்கு கொக்கிகள் உயர்த்திப் பிடித்திருக்கின்றன. பார்க்க அழகு. ஆனால் பட்டுப்புடவை ஜரிகை, துண்டின் நூல், தலைமுடி எல்லாம் அதில் மாட்டும். கொக்கி ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத அளவு தூக்கிக்கொள்ளும். பக்கத்துப் பொடிக்கற்களின் கொக்கிகள் இன்னும் மெல்லியவை. அதில் ஒரு கல் எப்போது விழுந்தது என்றே தெரியாமல் விழுந்துவிட்டது. வாங்கிய கடையில் கொடுத்தேன். சென்னைப் பட்டறைக்கு அனுப்பினார்கள், திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது. அடுத்த முறை லாங்கு பஜார் பக்கம் ஒரு பத்தரிடம் போனேன். மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, நடுக்கல்லே ஆடுது பாரு" என்றார். மெல்லிய கடகட சத்தம் எனக்கும் கேட்டது. அங்கேயே கொக்கியை இறுக்கிக் கொடுத்தார். இப்போது மாதம் ஒரு முறை நானே தட்டிப் பார்த்துக்கொள்கிறேன். யாரிடம் பழுதுக்குக் கொடுத்தாலும் கல்லின் எடையை ரசீதில் எழுதி வாங்குங்கள். வைரத்தின் தரத்தைச் சோதிக்கும் ஜிஐஏ, ஐஜிஐ நிறுவனங்களின் சான்றிதழ் உள்ள பல கற்களின் விளிம்பில் லேசரில் எண் பொறித்திருக்கும். கொடுக்கும் முன்பும் வாங்கிய பின்பும் லென்ஸில் அதைச் சரிபாருங்கள்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். மார்கழியில் அளவெடுத்த மோதிரம் கத்திரியில் கழற்ற வராது, விரல் வீங்கிவிடும். கோடைப் பகலில் அளவெடுப்பது நல்லது. வளையம் முழுக்கக் கல் வைத்த மாடலைப் பின்னால் பெரிதாக்குவது கஷ்டம் என்பதால், அடிப்பக்கம் வெறும் தங்கமாக இருக்கட்டும்.

வைரத்துக்கு எண்ணெய்ப் பசை என்றால் ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த அன்றே கல் மங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, குழந்தைகளுக்கான பிரஷ்ஷால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேய்த்தால் போதும். அழுக்கு சேர்வது மேலே இல்லை, அங்கேதான். எங்கள் போர்வெல் உப்புத் தண்ணீர் வெள்ளைப் படலம் விடுவதால் கடைசியாகக் கேன் தண்ணீரில் அலசுவேன். பற்பசை வேண்டாம், தங்கத்தில் கோடு விழும். சிங்க்கில் கழுவவும் வேண்டாம், கிண்ணத்தில் வைத்துக் கழுவுங்கள்.

பில் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தங்கத்தின் நிகர எடை, வைரத்தின் எடை, செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான், வைரத்துக்கு அது எந்த உத்தரவாதமும் இல்லை. 2023 ஏப்ரல் முதல் கடைகளில் எச்யூஐடி, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளக் குறியீடு உள்ள தங்க நகையைத்தான் விற்க முடியும். அந்தக் குறியீட்டை பிஐஎஸ் கேர் என்ற அரசு செயலியில் போட்டுப் பார்க்கலாம். அவசரத்துக்கு வங்கியில் அடகு வைத்தால் கல்லைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டும்தான் கடன். நகையைச் சேமிப்பாக நினைக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். திரும்ப எடுக்கும் விலை பற்றிக் கடைக்காரர் வாயால் சொல்வதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

காட்பாடியில் இருக்கும் என் அண்ணன் மகளுக்குச் சமீபத்தில் மோதிரம் எடுத்தபோது ஆய்வகத்தில் உருவாக்கும் லேப் வைரமே போதும் என்று நான்தான் சொன்னேன். கடினத்திலும் மின்னலிலும் அதுவும் வைரம்தான். கடைகளில் வைத்துக் காட்டும் சாதாரண டெஸ்டரும் அதை வைரம் என்றே காட்டும். விலையோ மிகக் குறைவு. மறுவிற்பனைக்கு அதை நம்ப முடியாது, ஆனால் தினமும் போடுவதற்கு எனக்கு அதில் எந்தத் தயக்கமும் இல்லை. மிச்சமான பணத்தில் தடிமனான வளையமும், தாழ்வாகப் பதித்த ஆறு கொக்கி வேலைப்பாடும் எடுத்தோம். பக்கக் கற்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். பில்லில் 'லேப் குரோன்' என்று தெளிவாக எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டோம்.