ஒரே நாளில் தில்லி: பழைய தில்லியா, ஹுமாயூன் கல்லறையா, மெஹ்ரௌலியா?

சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்கள் இரண்டு இரவுகளை ரயிலில் கழித்துவிட்டுக் காலையில் புதுதில்லியில் இறங்குகிறார்கள். அலுவல் நிமித்தமாகவோ, ஹரித்வார் போகும் வழியிலோ வரும் பலருக்கு ஊரைப் பார்க்கக் கிடைப்பது ஒரு பகல் மட்டுமே. அந்தப் பகலில் எதைப் பார்ப்பது என்று முடிவெடுப்பது கடினமாக இருப்பதற்குக் காரணம், தில்லி ஒரே தலைநகரம் அல்ல என்பதுதான். வெவ்வேறு நூற்றாண்டுகளில் வெவ்வேறு அரச மரபினர் தத்தம் தலைநகரைப் பழையதன் மேலேயே கட்டாமல் சற்றுத் தள்ளித் தள்ளிக் கட்டியதால், தெற்கே மெஹ்ரௌலியில் தொடங்கும் வரலாறு வடக்கே செங்கோட்டை வரை பரந்து கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே மெட்ரோவிலேயே முக்கால் மணி நேரம் ஆகிவிடும்.

இதற்கு எளிய தீர்வு என்று பலரும் நம்புவது, காலையில் ஏற்றி மாலையில் இறக்கிவிடும் சுற்றுலாப் பேருந்து. செங்கோட்டை, ராஜ்காட், இந்தியா கேட், தாமரைக் கோயில், குதுப் மினார் என எல்லாவற்றையும் காட்டிவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் பகலின் பெரும்பகுதி சாலையிலேயே போய்விடுகிறது. இறங்கும் இடத்திலும் பெயர்ப்பலகைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அளவுக்கே நேரம் கிடைக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு அது ஒரு வசதி. மற்றவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 1911இல் அறிவிக்கப்பட்டு 1931இல் திறந்துவைக்கப்பட்ட ஆங்கிலேயரின் புதுதில்லிக்கும் ஒரு முழுப் பகலைத் தர வேண்டியதில்லை. குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து இந்தியா கேட் வரையிலான அந்த அகன்ற சாலை, விளக்கேற்றிய பிறகு ஒரு மணி நேரம் நடந்து பார்க்கத் தகுந்தது. எனவே உண்மையான போட்டி மூன்று இடங்களுக்கு இடையில்தான்.

முதலாவது, ஷாஜகான் ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்றிக் கட்டிய பழைய தில்லி. முதல்முறை வருகிறவர்கள் செங்கோட்டையைத் தவிர்க்க மனம் ஒப்ப மாட்டார்கள். அவர்கள் ஒன்றை அறிந்து செல்வது நல்லது. 1648இல் நிறைவுற்ற அந்த அரண்மனையின் பெரும்பகுதியை 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் இடித்துவிட்டுப் படைவீடுகள் கட்டினார்கள். நாம் இன்று காண்பது மாபெரும் மதிலும், அதனுள்ளே ஒன்றுக்கொன்று தொடர்பற்று நிற்கும் சில மண்டபங்களும், இடையே பரந்த புல்வெளியும்தான். மயிலாசனம் இருந்த திவான்-இ-காஸ் மண்டபத்தில்தான் 1858இல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் விசாரிக்கப்பட்டார். 1945இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான வழக்கு விசாரணையும் இதே கோட்டைக்குள்தான் நடந்தது. மலேயாத் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம் என்பதால், படைவீட்டுக் கட்டடம் ஒன்றில் 2019இல் திறக்கப்பட்ட நேதாஜி அருங்காட்சியகத்தை நம்மவர்கள் விட்டுவிடக் கூடாது.

ஆனால் பழைய தில்லியின் உண்மையான செல்வம் கோட்டைக்கு வெளியே, சாந்தினி சௌக்கில் இருக்கிறது. ஷாஜகானின் மகள் ஜஹானாரா திட்டமிட்ட அந்த ஒரே தெருவில் சமணர்களின் லால் மந்திரும், கௌரி சங்கரர் கோயிலும், குரு தேக் பகதூர் 1675இல் உயிர்நீத்த இடத்தில் எழுந்த சீஸ் கஞ்ச் குருத்வாராவும், ஃபதேபுரி மசூதியும் நடந்தே பார்த்துவிடும் தொலைவில் அமைந்திருக்கின்றன. தெருவின் மேற்குக் கோடியில் உள்ள காரி பாவலி மசாலாச் சந்தையில் மிளகாய் மூட்டைகளின் நெடி மூக்கில் ஏறித் தும்மல் வராமல் கடந்தவர்கள் குறைவு. குளிர்காலத்தில் வந்தால் பால் நுரையைத் திரட்டிக் குங்குமப்பூ தூவித் தரும் தௌலத் கி சாட் கிடைக்கும். வெயில் காலத்தில் அதைப் பார்க்கவே முடியாது. சாப்பாட்டிலும் மக்கள் நெரிசலிலும் மகிழ்ச்சி காண்கிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த பகல் தில்லியில் அமையாது. செங்கோட்டை திங்கட்கிழமையும் சுதந்திர தின விழாவுக்கு முந்தைய நாள்களிலும் மூடப்பட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் கடைகள் பலவும் அடைத்திருக்கும். ஜும்மா மசூதியில் தொழுகை நேரங்களில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. இந்தக் கணக்கு எதிலும் சிக்காத நாளாகப் பார்த்து வருவது, ஒரே நாள் மட்டும் கையில் இருப்பவர்களுக்கு எளிதன்று.

இரண்டாவது, ஹுமாயூன் கல்லறையும் நிஜாமுதீனும். அழகு ஒன்றை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் இதற்குத்தான் முதலிடம் தர வேண்டும். நான்கு பகுதிகளாக நீரோடைகளால் பிரிக்கப்பட்ட தோட்டத்தின் நடுவே, செந்நிறக் கல்லும் வெண்பளிங்கும் கலந்து, இரட்டைக் குவிமாடத்துடன் 1570களின் தொடக்கத்தில் எழுந்த இந்தக் கட்டடமே தாஜ்மகாலுக்கு முன்னோடி. ஆகா கான் அறக்கட்டளை பல ஆண்டுகள் உழைத்துச் சீரமைத்ததால் கல்வேலைப்பாடு தெளிவாகத் தெரிகிறது. ஆக்ராவுக்குப் போக முடியாதவர்களுக்கு மனக்குறை தீரும். நுழைந்ததும் வலப்பக்கம் உள்ள, 1547இல் கட்டப்பட்ட ஈசா கானின் எண்கோணக் கல்லறை பெரியதைவிட மூத்தது. அவசரத்தில் பலர் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். அருகிலேயே சூஃபி ஞானி நிஜாமுதீன் அவ்லியாவின் தர்காவும், அவருடைய சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவின் கல்லறையும் உள்ளன. வியாழக்கிழமை மாலை கவ்வாலி என்னும் சூஃபிப் பாடல் கேட்க வாய்ப்பிருந்தால் பகலை இங்கே அமைத்துக்கொள்வதில் தவறே இல்லை. ஆயினும் இங்கே காண்பது பெரும்பாலும் கல்லறைகளும் தோட்டங்களும்தான். அரசு நடந்த தலைநகரம் ஒன்றின் உருவம் மனத்தில் பதிவதில்லை.

மூன்றாவதாகிய மெஹ்ரௌலியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். குதுப் மினாரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்களைக் கருத்தில் கொண்டு இதைச் சொல்லவில்லை. அந்த வளாகத்தையும் அதை ஒட்டிய தொல்லியல் பூங்காவையும் மெஹ்ரௌலி ஊரையும் சேர்த்தே சொல்கிறேன். பதினோராம் நூற்றாண்டில் ராஜபுத்திர மரபினரான தோமர்கள் கட்டிய லால் கோட் கோட்டையின் எச்சங்கள் முதல் முகலாயர்களின் கடைசி அரண்மனை வரை, தில்லி ஆண்ட கிட்டத்தட்ட எல்லா மரபுகளும் இங்கே ஏதோ ஒன்றை விட்டுச் சென்றிருக்கின்றன. இத்தனை மரபுகளின் எச்சங்களையும் நடந்தே பார்த்துவிடலாம் என்பது வேறு எந்தப் பகுதிக்கும் இல்லாத சிறப்பு.

72.5 மீட்டர் உயர மினாரை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். 1981இல் உள்ளே நேர்ந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு மேலே ஏற அனுமதியில்லை. என் விருப்பம் அதன் அடியில் உள்ள மசூதியின் தூண் வரிசையில் நேரம் செலவழிக்க வேண்டும் என்பதே. 27 கோயில்களின் கற்களைக் கொண்டு இது கட்டப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. கோயில் தூண்களைப் பார்த்து வளர்ந்த தமிழ்க் கண்கள், சங்கிலியில் தொங்கும் மணியையும் இலை வழியும் பூர்ண கும்பத்தையும் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூண் குப்தர் காலத்தது. சந்திரன் என்ற மன்னனின் வெற்றியை வடமொழியில் பாடும் எழுத்துகள் ஆயிரத்து அறுநூறு ஆண்டு மழைக்குப் பிறகும் கூர்மையாக இருக்கின்றன. இரும்பில் மிகுந்திருக்கும் பாஸ்பரஸ் அதன் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியதே துரு ஏறாமைக்குக் காரணம்.

தூணுக்குப் பின்னால் உள்ள உயர்ந்த வளைவுகளைச் சற்று உற்றுப் பாருங்கள். வளைவு கட்டும் முறை அன்றைய உள்ளூர்ச் சிற்பிகளுக்குப் பழக்கமில்லை. எனவே கற்களைப் படுக்கையாக வைத்து, ஒவ்வொரு வரிசையையும் சிறிது உள்ளே நீட்டி, உச்சியில் இணைத்திருக்கிறார்கள். பிறகு தெற்குப் பக்கம் வந்து அலாவுதீன் கில்ஜியின் அலாய் தர்வாசாவின் கீழ் நில்லுங்கள். அங்கே ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாங்கும் உண்மையான வளைவு, செம்மணற்கல்லிலும் பளிங்கிலும் மிளிர்கிறது. ஒரு நூற்றாண்டில் கைத்தொழில் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைச் சில நிமிட நடையில் காண முடிகிறது. இந்த வாயில் எழுந்த 1311இல்தான் அலாவுதீனின் தளபதி மாலிக் காஃபூர் மதுரை வரை படையெடுத்து வந்து, யானைகளையும் குதிரைகளையும் பொன்னையும் தில்லிக்குக் கொண்டுசென்றார். பாண்டிய நாட்டின் செல்வம் எந்த நகரத்தில் போய்ச் சேர்ந்தது என்பதை அறிந்து பார்க்கிற தமிழருக்கு இந்த இடம் வேறு பொருள் தரும்.

பூங்காவுக்குள் தில்லி சுல்தான் பால்பனின் சிதைந்த கல்லறையும், 1506இல் தோண்டிய ராஜோன் கி பாவலி என்ற அடுக்கடுக்கான படிக்கிணறும், ஜமாலி கமாலி மசூதியும் உள்ளன. அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை, வழிகாட்டிப் பலகைகளும் போதுமானவையாக இல்லை. ஊருக்குள் சூஃபி ஞானி பக்தியார் காகியின் தர்காவை ஒட்டி, முகலாயரின் கடைசி அரண்மனையான ஜாபர் மஹால் நிற்கிறது. பகதூர் ஷா ஜாபர் தம் முன்னோரின் சமாதிகளுக்கு அருகே தமக்கென ஒதுக்கி வைத்த இடம் இங்கே வெறுமையாகவே கிடக்கிறது. அவர் நாடுகடத்தப்பட்டு 1862இல் ரங்கூனில் இறந்தார். செங்கோட்டையில் விசாரணை நடந்த மண்டபத்தைவிட முகலாயரின் முடிவை இந்த இடமே நன்றாக உணர்த்துகிறது.

குதுப் வளாகத்துக்கு வார விடுமுறை கிடையாது என்பதும், புதுதில்லி ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் மாறாமல் வந்துவிடலாம் என்பதும் ரயிலுக்குக் காத்திருப்பவர்களுக்குப் பெரிய உதவி. மெட்ரோ நிலையத்திலிருந்து வளாகம் சற்றுத் தொலைவு என்பதால் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். காலையில் திறந்ததும் வளாகத்துக்குள் நுழைந்து, வெயில் ஏறுவதற்குள் பூங்காவை முடித்து, பிற்பகலில் ஊருக்குள் செல்வது சரியான வரிசை. மே, ஜூன் மாதங்களில் வருகிறவர்களும், முழங்கால் வலியுள்ள பெற்றோருடன் வருகிறவர்களும் என் தேர்வைப் பின்பற்ற வேண்டாம். பூங்காவின் மேடு பள்ளமும் நிழலற்ற பாதைகளும் அவர்களைச் சோர்வடையச் செய்யும். அவர்களுக்கு ஹுமாயூன் கல்லறையும், அதன் அருகே மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட வசதியுள்ள சுந்தர் நர்சரி பூங்காவும்தான் ஏற்றவை.