1,500 ரூபாய்க்கு ஒரு பெயர்ப் பலன் அறிக்கை

மகன் பிறந்து இரண்டு கிழமைதான் ஆகிறது. பிறப்பைப் பதிய 42 நாள் இருக்கிறது என்றாலும் முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு முன்னமே பெயர் முடிவாக வேண்டும் என்று வீட்டில் ஒரே அவசரம், அதனால் மட்டக்களப்பு நகரில் ஒரு கணினிச் சோதிட நிலையத்தில் 1,500 ரூபாய் கொடுத்து 'பெயர்ப் பலன் அறிக்கை' எடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம், ஊர் சின்னது.

எழுத்து பார்ப்பதில் குறையில்லை. மிருகசீரிடம் என்றதும் வே, வோ, கா, கி என்று சொல்லி, கா என்றால் க-வும் சரி என்றார்கள். நாங்கள் முதலே நினைத்து வைத்திருந்த 'கவின்' அந்தப் பட்டியலிலேயே இருந்தது, சந்தோசம்.

கடுப்பேற்றியது பொருள் போட்டிருந்த பத்திதான். 'கவின்: வடமொழி, கவிஞன்' என்று லேமினேட் செய்து தந்திருக்கிறார்கள். கவி வடமொழி, அது சரி. ஆனால் கவின் என்றால் அழகு, பழந்தமிழ்ச் சொல், கவின்கலை என்கிறோமே அதே கவின். குறுந்தொகை 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் 'மாமைக் கவின்' என்கிறார்: கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் நிலத்தில் கொட்டிப்போன பாலைப் போல, எனக்கும் உதவாமல் என் தலைவனுக்கும் உதவாமல் என் அழகைப் பசலை, அதாவது பிரிவில் வரும் நிறவெளிறல், தின்கிறது என்று ஒரு பெண் புலம்புகிற பாட்டு. அங்கே பெண்ணின் அழகுக்கு வந்த சொல் இன்றைக்கு ஆண் பிள்ளைக்குப் பெயர். இதை மாமியிடம் சொன்னேன், "ஏன் மகன், பச்சப் பிள்ளைக்கு அழுற பாட்டில இருந்தா பேர் எடுக்கிற?" என்று கேட்டார். பதில் இல்லை.

தாண்டவன்வெளியில் இருக்கும் நண்பன் தன் மகனுக்குக் கெவின் என்று வைத்திருக்கிறான். அது ஐரிஷ் பெயர், கிளெண்டலாக் மடத்தை நிறுவிய புனிதரின் பெயர், அதற்கும் அழகாய்ப் பிறந்தவன் என்கிற மாதிரித்தான் பொருள் சொல்கிறார்கள். இரண்டுக்கும் உறவு கிடையாது, ஒலியும் பொருளும் தற்செயலாக ஒத்துப்போயிருக்கின்றன. இப்படி ஒரு வரியாவது அந்த அறிக்கையில் இருந்திருந்தால் கொடுத்த காசு செரித்திருக்கும்.

எண் கணிதம் அதைவிடப் பகிடி. ஆங்கிலத்தில் 'ஐ'யை எடுத்துவிட்டு இரண்டு 'ஈ' போடச் சொன்னார்கள், எண் நல்லா வருமாம். வீட்டுக்கு வந்து அவர்கள் தந்த அட்டவணையை வைத்தே கூட்டினேன், முதல் எழுத்துக்கூட்டலுக்கு 15, அவர்கள் சொன்னதுக்கு 24, கடைசியில் இரண்டுமே ஆறு! அப்புறம் எதுக்கு மாற்றம்? அப்படி எழுதினால் எல்லாரும் கவீன் என்று நீட்டித்தான் கூப்பிடுவார்கள், கவீன் என்றால் தமிழில் ஒன்றுமில்லை.

ஒரு நல்ல விசயமும் சொல்ல வேண்டும். தட்டச்சு செய்த தங்கச்சி, கேட்காமலே, சிங்களத்தில் க-வுக்கு வல்லின ஒலி வேறெழுத்து, மெல்லிய ஒலி வேறெழுத்து, தமிழில் எழுதிக் கொடுத்தால் பார்ப்பவர் எதையும் போடலாம், பிறகு பாஸ்போர்ட்டில் வேறு ஆளாகிவிடுவான், அதனால் பதிவாளரிடம் மூன்று மொழியிலும் எழுதிக் கொண்டு போங்கள் என்றாள். ஒரு துண்டில் எழுதியும் தந்தாள். லேமினேட் தாள் எங்கே கிடக்கிறதோ தெரியாது, அந்தத் துண்டு என் பேர்ஸில் இருக்கிறது.